மண்ணுக்கு ஏது குலம்?

முதுகுன்றம் என்றார்கள் நம் முன்னோர். பழமலை என்றும் அழைத்தார்கள். இரண்டும் தமிழ், இரண்டும் இனிமை. பின்னால் வந்தவர்கள் அதை வடமொழியாக்கி, விருத்தாசலம் என்று பலகை மாட்டினார்கள். பெயரை மாற்ற முடிந்தது; அந்த வட்டாரத்து மண்ணை மாற்ற முடியவில்லை. அந்த மண் இன்றும் பேசுகிறது, பொம்மையாக, ஜாடியாக, அகல் விளக்காக. அது பேச்சை நிறுத்திவிடுமோ என்ற கவலை நம்மைப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இன்று இதை எழுதுகிறோம்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டைக்குள் நுழைந்து பாருங்கள், தோழர்களே! களிமண், குவார்ட்சுக் கல், பெல்ட்ஸ்பார் கல் ஆகிய மூன்றையும் நீரோடு சேர்த்து அரைத்துக் கூழாக்குகிறார்கள். 'ஸ்லிப்' என்பது பட்டறையில் அதற்கு வழங்கும் பெயர். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சிலே அந்தக் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கிறது. அதன் உள்சுவரில் மண் தோல்போலப் படிகிறது. போதும் என்று கண்டதும் மிச்சக் கூழைக் கவிழ்த்து வடித்துவிடுகிறார்கள். எத்தனை நிமிடத்தில் வடிப்பது? கடிகாரம் மட்டும் பார்த்தால் போதாது. வெயில் நாளுக்கு ஒரு கணக்கு, மழை நாளுக்கு ஒரு கணக்கு. புது அச்சுக்கு ஒன்று, ஈரம் ஊறிய பழைய அச்சுக்கு வேறொன்று. முந்தினால் பொம்மை குழையும். பிந்தினால் கனத்துப் போகும், விரிசல் விடும். அதன் பிறகு பிசிறு சீவி, உலர்த்தி, ஒருமுறை சுட்டு, மெருகுக் கூழில் முக்கி, மறுமுறையும் சுடுகிறார்கள். பீங்கான் என்றால் 1,200 டிகிரியைத் தாண்டும் நெருப்பு! உலர்வதிலும் வேவதிலும் பொருள் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாக வெட்டியவனின் அறிவை எந்தத் தராசில் நிறுப்பது?

ஒரு பட்டறையில் நின்றோம். அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் அச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். கை நடுங்குமோ என்று நாம் பார்த்தோம், நடுங்கவில்லை. பொம்மை, உறங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்தாற்போல அலுங்காமல் வந்தது. "உங்களுக்குப் பின்னால் இந்த இடத்தில் யார் ஐயா உட்காரப் போகிறார்கள்?" என்று கேட்டோம். அவர் சுவரோரம் அடுக்கியிருந்த அச்சுகளைக் காட்டினார். "அச்சு இருக்குது தம்பி, ஆள்தான் இல்லை" என்றார்.

ஐந்தே சொற்கள். ஒரு தொழிலின் நோய் முழுவதும் அந்த ஐந்து சொற்களில் அடங்கிவிட்டது.

அணைந்துபோன உலைகள்

ஆள் இல்லாமற் போனால் என்ன ஆகும்? அதை அறிய அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலே, புதுவைக்குப் பக்கத்திலே, அரிக்கமேடு இருக்கிறது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கே மண்ணைத் தோண்டினார். ரோம நாட்டோடு நடந்த வாணிகத்தின் தடயம் கிடைத்தது என்று உலகம் வியந்தது. நாம் வியக்க வேண்டியது வேறொன்று. அங்கே கண்ணாடி மணி செய்தார்கள் நம் தொழிலாளர்கள். உருகிய கண்ணாடியை உள்ளே துளையிருக்கும்படி நீண்ட குழாயாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி விளிம்பை மழுங்கச் செய்து, மணியாக்கினார்கள். அவ்வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசிய நாடுகளின் பழைய புதைகுழிகளில் எல்லாம் கிடைக்கின்றன. 

இன்று அரிக்கமேட்டில் உலை இல்லை, ஊதுவார் இல்லை, இழுப்பார் இல்லை. அந்தக் கைத்திறனின் சாயலை ஆந்திரத்துப் பாப்பாநாயுடுப்பேட்டையில்தான் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். தமிழ்மண்ணில் மணி இருக்கிறது, அருங்காட்சியகத்தில். மணி செய்யும் கை இல்லை. நாளைக்கு விருத்தாசலத்துப் பொம்மையும் அப்படித்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வேண்டுமா?

பிரான்சு நாட்டிலே மெய்சந்தால் என்றொரு சிற்றூர். கண்ணாடி ஊதும் ஊர். அதன் ஆலையை 1969ஆம் ஆண்டு இழுத்து மூடினார்கள். அதோடு கதை முடிந்ததா? இல்லை. 1992இல் அதே ஊரில் கண்ணாடிக் கலைக்கென்று ஒரு மையம் திறந்தார்கள். ஆலை மூடியபின் வீட்டிலிருந்த முதிய தொழிலாளர்கள் தம் கை அறிந்ததை இளையவர்களுக்குக் காட்டினார்கள். இன்று அங்கே உலை எரிகிறது. 2023ஆம் ஆண்டு பிரான்சு, ஜெர்மனி, செக் நாடு, பின்லாந்து, அங்கேரி, ஸ்பெயின் ஆகிய ஆறு நாடுகளும் சேர்ந்து, கையால் கண்ணாடி செய்யும் அறிவை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏற்றின. 

எந்திரம் பெருத்த நாடுகள் அவை. விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நாடுகள் அவை. அவர்களே கைத்தொழிலைக் குப்பையில் போடவில்லை. ஆலை மூடி இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துக்கூடக் கலையை மீட்டார்கள் என்றால், அது ஏன் முடிந்தது? கற்றவன் உயிரோடிருந்தான், அதனால் முடிந்தது. இன்னும் முப்பது ஆண்டு காத்திருந்தால் முடிந்திருக்குமா? விருத்தாசலத்துப் பெரியவரின் கை நடுங்காதிருக்கும் காலம்தான் நமக்கு விடப்பட்ட கெடு.

ஏன் வரவில்லை இளைஞன்?

"இளைஞர்களுக்கு உடல் வணங்கவில்லை, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு திரிகிறார்கள்" என்று சொல்லுவார் உண்டு. உழைப்பாளி வீட்டுப் பிள்ளையைப் பழிப்பது எளிது. காரணத்தைத் தேடுவதுதான் கடினம். நாம் தேடுவோம்.

முதற்காரணம், சந்தை. ஒரு காலத்தில் ஊறுகாய் என்றால் பீங்கான் ஜாடி. இன்று பிளாஸ்டிக் டப்பா. ஒரு காலத்தில் வீட்டு மின்பலகையில் வெள்ளைப் பீங்கானில் ப்யூஸ் கட்டை. இன்று தானே விழும் சுவிட்சு. பொம்மைக் கடையிலோ சீனத்துச் சரக்கு. தரை ஓட்டை எடுத்துக்கொண்டால், குசராத்தின் மோர்பியிலே குழாய் வழி எரிவாயுவும் மாபெரும் எந்திரமும் மலைமலையாய்க் குவிக்கின்றன. அவற்றோடு கையால் ஓட்டப்பந்தயம் ஓட முடியாது, ஓடவும் தேவையில்லை.

இரண்டாவது, எரிபொருள். பீங்கான் சூளைக்கு நெருப்புதான் சோறு. எண்ணெய் விலை ஏறினால் சூளை பட்டினி கிடக்கும். சூளை பட்டினி கிடந்தால் தொழிலாளி வீட்டு அடுப்பும் பட்டினி கிடக்கும்.

மூன்றாவது காரணத்தை மேடையில் யாரும் பேசுவதில்லை. அதுதான் தூசி. குவார்ட்சுத் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையானது. மூச்சோடு போய் நுரையீரலில் தங்கி, அதைத் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்த நோயைப் போக்கும் மருந்து இல்லை. வராமல் காப்பதுதான் வழி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை அரசுக்கு அறிவித்தே தீர வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்தது. ஆனால் சட்டம் எட்டாத சின்னஞ்சிறு பட்டறையில் தூசிக்குக் கணக்கு யார் வைப்பார்? "அப்பா இருமுவதைப் பார்த்துத்தான் நான் இந்தப் பக்கம் வரவில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், அவனைச் சோம்பேறி என்பதா, அறிவாளி என்பதா?

கைக்கூலி குறைவு, நெஞ்சுக்கு நஞ்சு, ஊரில் மதிப்பில்லை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, "மரபைக் காக்க வா" என்றழைத்தால் யார் வருவார்?

தில்லி தந்த மருந்து

இந்த நோய்க்கு மருந்து என்று சொல்லி, 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 13,000 கோடி ரூபாய். 18 தொழில்கள். குயவரும் பொம்மை செய்பவரும் அந்தப் பட்டியலில் உண்டு. பயிற்சி உண்டு, பயிற்சிக் காலத்தில் படி உண்டு, கருவிக்குப் பணம் உண்டு, குறைந்த வட்டிக்குக் கடன் உண்டு. கேட்பதற்கு இனிக்கிறது அல்லவா? 

இனிப்பைப் பிட்டுப் பார்த்தோம். உள்ளே பழைய பூச்சி இருந்தது. குடும்பத்தில் வழிவழியாக வந்த தொழிலைச் செய்வோருக்கு என்றது திட்டம். குரு சீட மரபை வளர்க்கும் என்றது நோக்கம். வயதோ 18 நிறைந்தால் போதும். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதிலே கடனைக் காட்டி, "உன் அப்பன் வேலையைப் பார்" என்பதுபோல அல்லவா இருக்கிறது?

நமக்கு இது புதிதல்ல. 1953ஆம் ஆண்டு இராசாசி முதலமைச்சராக இருந்தபோது, பிள்ளைகள் பாதிநாள் பள்ளியில் படிக்கட்டும், பாதிநாள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். சவரம் செய்வோர் மகனுக்குச் சவரக்கத்தி, வண்ணார் மகளுக்கு வெளுக்கும் கல், வக்கீல் மகனுக்குச் சட்டப் புத்தகம்! குலக்கல்வி என்று பெயரிட்டான் தமிழன். நாடே கொதித்தது. 1954இல் இராசாசி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது. அன்று பள்ளிக்குள் பாதிநாள் தங்கியிருக்க வேண்டிய பிள்ளைகள், முழுநாள் படித்து, பொறியாளராய், மருத்துவராய், மாவட்ட ஆட்சியராய் வந்தார்கள். அந்த வரலாற்றை மறக்கும் நாக்கு நமக்கில்லை.

ஆகவேதான், 2024 நவம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், இன்றைய வடிவில் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்காது என்று தெரிவித்தார். குடும்பத் தொழில் என்ற கட்டு கூடாது, வயது 35 ஆகட்டும் என்பவை அன்று தமிழ்நாடு கேட்டவை. தில்லி இசையவில்லை. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் குன்றத்தூரில் தொடங்கப்பட்டது. 25 தொழில்கள், சாதி கேட்கவில்லை, தகப்பன் தொழிலைக் கேட்கவில்லை. 35 வயது நிறைந்தவருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம்.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம்

எதிரியின் பிழையை எடுத்துச் சொல்வது நமக்குப் பழக்கம். நம் பக்கத்துக் குறையை எண்ணிப் பார்ப்பதும் கடமை. 35 வயது என்பது வேலி. பள்ளிப் பிள்ளையைப் பட்டறைக்கு இழுத்துப் போகாமல் காக்கும் நல்ல வேலி. வேலியை வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, வேலி போட்டதோடு வெள்ளாமை விளைந்துவிடாது! 35 வயதுக்கு மேல் கடன் வாங்குபவன், ஏற்கெனவே தொழில் தெரிந்தவன். தொழில் தெரியாத 20 வயதுக்காரனுக்கு அதை யார் கற்றுத் தருவது? புதுக் கை எங்கிருந்து வரும்? அச்சு இருக்கிறது, கடனும் வந்துவிட்டது, ஆள்?

"வேண்டாம், விடுங்கள். கைத்தொழில் என்றாலே குலத்தொழில். செத்துப் போகட்டும்" என்று நம்மிலேயே சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சினம் நமக்குப் புரிகிறது. ஆனால் முடிவு பிழை. நாம் எதிர்த்தது மண்ணையா? சக்கரத்தையா? சூளையையா? இல்லை! "இவன்தான் செய்ய வேண்டும், இவன் மகன்தான் செய்ய வேண்டும், வேறெதுவும் செய்யக் கூடாது" என்ற தளையை எதிர்த்தோம். தளையை அறுத்தால் கை விடுதலையாகும். கையையே வெட்டினால்? தொழில் போகும், தொழிலை நம்பியவன் மட்டும் பழைய இழிவோடும் புதிய பசியோடும் நிற்பான்.

இதற்கு விடை எங்கே என்று தேடி அலைய வேண்டாம். விருத்தாசலத்திலேயே இருக்கிறது. அங்கே அரசினர் நடத்தும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது; பட்டயப் படிப்பு இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்தவன் அங்கே போகலாம். நீ யார் மகன் என்று அந்த வகுப்பறை கேட்பதில்லை. களிமண்ணில் அலுமினா எத்தனை, சிலிக்கா எத்தனை என்றுதான் கேட்கிறது. பக்கத்தில் நெய்வேலி. 1957இல் அங்கே நிலக்கரிக்காக மண்ணை அகழத் தொடங்கியபோது, கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடந்தது. அதைக் கழுவித் தூய்மையாக்கும் ஆலையும் அந்தப் பெருந்திட்டத்தின் ஓர் உறுப்பாக எழுந்தது. தொழிற்பேட்டையும் அரசின் முயற்சி. எந்தச் சாதியின் தனிச்சொத்தாகவும் பிறக்காமல், படிப்பாலும் பொதுப்பணத்தாலும் பிறந்த தொழில் அது. வருணத்தை நம்புவோருக்கு விருத்தாசலம் தந்த விடை அதுதான்: மண்ணுக்கு ஏது குலம்?

ஆகவே, நாம் கேட்பவை இவை.

ஒன்று: பயிற்சி, பள்ளிக்குப் பதிலாக அல்ல, பள்ளிக்குப் பிறகு. பட்டயமோ தொழிற்பயிற்சியோ முடித்த இளைஞனுக்கும் பெண்ணுக்கும், எந்தச் சாதியாயினும், பட்டறையில் ஈராண்டு பழகுநர் இடம் வேண்டும். 1961ஆம் ஆண்டிலிருந்தே பழகுநர் சட்டம் நாட்டில் இருக்கிறது. பெரிய ஆலைக்கு மட்டும் என்றிராமல், நாலு பேர் பட்டறைக்கும் அது எட்ட, உதவித்தொகையை அரசு தர வேண்டும்.

இரண்டு: அச்சுப் பிரிக்கும் பெரியவர் வாத்தியார் ஆக வேண்டும். அவருக்குச் சான்றிதழ் இல்லை என்பார்கள். அவர் செய்த பொம்மைதான் அவருடைய சான்றிதழ்! வகுப்பறையில் அலுமினாவைப் பேராசிரியர் சொல்லட்டும். எப்போது கூழை வடிப்பது என்பதை இவர் காட்டட்டும். இருவருக்கும் சம்பளம், இருவருக்கும் நாற்காலி. பொம்மைக்குக் கண் எழுதும் பெண்களுக்கும் அதே மதிப்பு.

மூன்று: பொதுச் சூளை. தனித்தனியே எண்ணெய் எரித்து நொடிவதற்குப் பதில், பட்டறைகள் முறை வைத்துப் பயன்படுத்தும் எரிவாயுச் சூளைகள் வேண்டும். கட்டணம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

நான்கு: தூசிக்குத் தூக்குத் தண்டனை! உலர அரைக்காதே, நனைத்து அரை. விளக்குமாற்றால் பெருக்காதே, தண்ணீர் ஊற்றிக் கழுவு. தூசியை உறிஞ்சும் விசிறி, தரமான முகக்கவசம், ஆண்டுதோறும் மார்புப் படம். இவை இல்லாத இடத்துக்கு ஒரு பயிற்சியாளரைக்கூட அனுப்பக் கூடாது. நுரையீரலை விலையாகக் கேட்கும் மரபு நமக்கு வேண்டாம்.

ஐந்து: வாங்குவோர் வேண்டும். அரசு விழாவில் பித்தளை முலாம் பூசிய நினைவுப் பொருளுக்குப் பதில் விருத்தாசலத்துப் பீங்கான் தரட்டும். அரசு விடுதிகளில் அந்தக் கோப்பையில் தேநீர் ஊற்றட்டும். எந்திரம் செய்யாத வடிவங்களை, கை மட்டுமே செய்யும் வடிவங்களைக் கல்லூரி வரைந்து தரட்டும்.

இவையெல்லாம் அரசின் வேலை. நம் வேலை ஒன்றுமில்லையா? உண்டு. நம் கிளைக் கழகத் தோழர் ஒவ்வொருவரும் தம் ஊரில் கைத்தொழில் தெரிந்த முதியவர் யார், எத்தனை பேர், அவருக்குப் பின்னால் கற்பவர் உண்டா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். வாக்காளர் பட்டியலைத் தெருத்தெருவாய்ச் சரிபார்க்கத் தெரிந்த நமக்கு, இந்தப் பட்டியல் பெரிய பாரமா? பொங்கல் வரும்போது பரிசு வாங்குவீர்கள். பிளாஸ்டிக்கை விட்டுப் பீங்கானில் வள்ளுவர் சிலை வாங்குங்கள். கொலு வைப்பவரும் வாங்கட்டும். கொலுவைக் கேலி செய்பவரும் வாங்கட்டும். பொம்மைக்குப் பக்தி தெரியாது. பொம்மை செய்தவனுக்குப் பசி தெரியும்.

திரும்பி வரும்போது அந்தப் பெரியவரிடம் இன்னொரு கேள்வி கேட்டோம். "உங்கள் பேரன் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" அவர் தலையாட்டினார், இல்லை என்று. "அவன் படிக்கட்டும். யார் வந்தாலும் சொல்லித் தருகிறேன், எவர் வீட்டுப் பிள்ளையானாலும் சரி" என்றார். 

குலக்கல்விக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை. பேரன் படிக்க வேண்டும். தொழிலும் பிழைக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்கும் என்று அந்த உழைப்பாளி நம்புகிறார். அவர் நம்பிக்கை பொய்க்காமல் பார்ப்பது நம் கடன்.

அச்சு இருக்கிறது. மண் இருக்கிறது. கற்றுத்தர முதியவர் இருக்கிறார். ஆளை அனுப்புவோம், சூளை அணையுமுன்!